சிறுநீரக நோய்: முற்றுமுன் அறியும் வழிகள்

நோய்களுள் சில வந்தவுடனே தம் வரவை உணர்த்திவிடுகின்றன. காய்ச்சல் உடலைச் சுடுகிறது. பல்வலி இரவில் உறங்க விடுவதில்லை. வேறு சில நோய்களோ ஆண்டுக்கணக்கில் உடலினுள் தங்கி, உறுப்பின் பெரும்பகுதி அழிந்த பின்னரே வெளிப்படுகின்றன. நாட்பட்ட சிறுநீரக நோய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நோயாளி மருத்துவமனையை முதன்முதலாக நாடும் வேளையில், அவருடைய சிறுநீரகங்களின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது என்ற நிலை நம் நாட்டில் அரிதன்று.

இந்நோயின் சுமை எத்தகையது என்பதை 2016-17ஆம் ஆண்டுக்கான மத்திய வரவு-செலவுத் திட்ட உரை எடுத்துக் காட்டியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 2.2 லட்சம் பேர் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலையை அடைகின்றனர் என்றும், இதனால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் சிகிச்சைகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றும் அவ்வுரை தெரிவித்தது. அப்போதிருந்த ஏறத்தாழ 4,950 மையங்களால் தேவையில் பாதியை மட்டுமே நிறைவு செய்ய இயன்றது. ஒரு முறைக்கு ஏறத்தாழ ரூ. 2,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 3 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு நோயாளிக்கும் செலவாகிறது என்பதும் அதில் கூறப்பட்டது.

இத்தகைய செலவை எந்தக் குடும்பமும் எளிதில் தாங்காது. ஆனால் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் சோதனைகள் மிக எளியவை, மலிவானவை. எனவே இந்நோயின் முன்னறிகுறிகளைப் பொதுமக்களும் சுகாதாரப் பணியாளர்களும் அறிந்திருப்பது மருத்துவத் தேவை மட்டுமன்று, பொருளாதாரத் தேவையுமாகும்.

சிறுநீரகங்களின் பணி

முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதையின் வடிவில் அமைந்துள்ள இரு உறுப்புகளே சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிப்பான்கள் உள்ளன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் உடலுக்கு வேண்டிய நீரும் உப்புகளும் சத்துகளும் திரும்ப உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் மட்டுமே சிறுநீராக வெளியேறுகிறது.

கழிவகற்றுவது மட்டுமே சிறுநீரகத்தின் வேலை என்று எண்ணுவது பொருந்தாது. உடலின் நீர், உப்பு, அமிலம் ஆகியவற்றின் அளவை அது சமன் செய்கிறது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்கேற்கிறது. எலும்புக்குத் தேவையான வைட்டமின் 'டி'யைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. எலும்பு மச்சையில் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்னும் சுரப்பியல் நீரைத் தருகிறது. இப்பணிகளை நினைவிற் கொண்டால், இரத்த சோகை, எலும்பு வலி, இரத்த அழுத்தம் போன்ற, சிறுநீரோடு தொடர்பற்றவையாகத் தோன்றும் குறிகள் ஏன் சிறுநீரக நோயில் தலைகாட்டுகின்றன என்பது விளங்கும்.

நோய் மறைந்திருப்பதன் காரணம்

இயற்கை சிறுநீரகங்களுக்குத் தேவைக்கு மிகுதியான ஆற்றலை வழங்கியுள்ளது. ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவர் மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ்வது இதனால்தான். வடிப்பான்களில் ஒரு பகுதி அழிந்தால் எஞ்சியவை கூடுதலாக உழைத்து அக்குறையை மறைத்துவிடுகின்றன. ஆனால் இக்கூடுதல் உழைப்பே நாளடைவில் அவற்றையும் சிதைக்கிறது. வெளியில் ஒரு குறையும் தெரியாத காலத்தில் உள்ளே முதல் கரைந்துகொண்டிருக்கிறது.

மருத்துவர்கள் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்பதே அளவுகோல். 90க்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதம் போன்ற பழுதின் அடையாளம் காணப்பட்டால் அது முதல் நிலை. 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை. 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை. 15 முதல் 29 வரை நான்காம் நிலை. 15க்குக் கீழே ஐந்தாம் நிலை. இக்குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட நோய் எனப்படுகிறது. முதல் மூன்று நிலைகளிலும் பெரும்பாலோர்க்கு உடலில் எவ்விதத் துன்பமும் தெரிவதில்லை என்பதே இதில் கவலைக்குரிய செய்தி.

கவனத்திற்குரிய அறிகுறிகள்

ஆயினும் உற்று நோக்குவோர்க்குச் சில குறிகள் புலப்படவே செய்கின்றன.

முதலாவது, சிறுநீரில் நுரை. சிறுநீர் வேகமாக விழும்போது தோன்றி உடனே மறையும் நுரை இயல்பானது. நாள்தோறும் தோன்றி, நெடுநேரம் அடங்காமல் நிற்கும் நுரை, புரதம் கசிவதைக் காட்டலாம். நலமான வடிப்பான் புரதத்தை வெளியே விடுவதில்லை. 1827ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் காணப்படுவதற்கும் உடல் வீக்கத்துக்கும் சிறுநீரகப் பழுதுக்கும் உள்ள தொடர்பை விளக்கி எழுதினார். சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காய்ச்சி, புரதம் திரிவதைப் பார்ப்பதே அக்காலச் சோதனை. இன்று அதே வேலையைச் சிறு தாள்பட்டை ஒன்று ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது.

இரண்டாவது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழ நேர்வது. நலமான சிறுநீரகம் இரவில் சிறுநீரைச் செறிவாக்கி அதன் அளவைக் குறைக்கிறது. அந்தத் திறன் குன்றும்போது இரவுத் தூக்கம் கலைகிறது. சர்க்கரை நோய், ஆண்களுக்கு வயதில் ஏற்படும் புராஸ்டேட் வீக்கம் ஆகியவற்றாலும் இது நேரலாம். எதுவாயினும் சோதனை செய்துகொள்ளத் தக்க குறியே.

மூன்றாவது, வீக்கம். காலையில் எழும்போது கண்ணிமைகளும் முகமும் ஊதியிருத்தல், மாலையில் கணுக்கால் தடித்து, விரலால் அழுத்தினால் குழி விழுதல் ஆகியவற்றை மக்கள் 'நீர் கோத்துக்கொண்டது' என்பர். அச்சொல் பொருத்தமானதே. புரத இழப்பினாலோ உப்பும் நீரும் வெளியேறாமையாலோ உடலில் நீர் தங்குகிறது. இதயம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறுகளிலும் வீக்கம் உண்டாகலாம்.

நான்காவது, சிறுநீரின் நிறமாற்றம். சிவப்பாகவோ கறுத்த தேநீர் நிறத்திலோ சிறுநீர் கழிந்தால், வலி இல்லாவிடினும், ஒருமுறையே நிகழ்ந்திருப்பினும், மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணோ சொறி சிரங்கோ வந்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் இந்நிறம் தோன்றுவதுண்டு. ரிபாம்பிசின் என்னும் காசநோய் மருந்தும் பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவக்கச் செய்யும்; அவை நோயல்ல.

ஐந்தாவது, இரத்த அழுத்தம். இது சிறுநீரக நோய்க்குக் காரணமாகவும் இருக்கிறது, விளைவாகவும் இருக்கிறது. இளம் வயதில் இரத்த அழுத்தம் மிகுந்தாலும், இரண்டு மூன்று மருந்துகளுக்கும் அது அடங்காவிட்டாலும் சிறுநீரகங்களைச் சோதித்தல் அவசியம்.

ஆறாவது, காரணம் தெரியாத சோர்வும் வெளிறலும். எரித்ரோபாய்டின் குறைவதால் இரத்த சோகை உண்டாகிறது. நம் நாட்டுப் பெண்களிடையே இரும்புச் சத்துக் குறைவு மிகப் பரவலாக இருப்பதால், சோகை என்றவுடன் இரும்பு மாத்திரை தந்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பல மாதங்கள் மாத்திரை உண்டும் சோகை தீராவிடில் சிறுநீரகத்தின் மீது ஐயம் கொள்ள வேண்டும்.

பசியின்மை, காலையில் குமட்டல், வாயில் உலோகச் சுவை, உடல் அரிப்பு, கெண்டைக்கால் இழுப்பு, மூச்சு வாங்குதல், மனக் குழப்பம் ஆகியவை பெரும்பாலும் பிற்காலக் குறிகள். இவை தோன்றும்வரை காத்திருப்பது, கரை உடைந்தபின் மண் சுமப்பதை ஒக்கும்.

குழந்தைகளிடம் முகவீக்கத்தோடு, வளர்ச்சி குன்றுதல், அடிக்கடி காய்ச்சலுடன் நீர்க்கடுப்பு, ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக விழுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு பரிசோதனையின்போதும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பார்க்கப்படுவதன் நோக்கமும் இத்தகையதே.

தவறான நம்பிக்கைகள்

அறிகுறிகளை அறியாமை ஒருபுறமிருக்க, அவற்றைத் தவறாகப் பொருள் கொள்வதாலும் தீங்கு நேர்கிறது.

'சிறுநீர் தாராளமாகப் போகிறது. எனவே சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை' என்று பலர் கருதுகின்றனர். நோய் மிக முற்றும்வரை சிறுநீரின் அளவு குறையாமலே இருக்கக்கூடும். வெளியேறும் நீரின் அளவன்று, அது சுமந்து செல்லும் கழிவின் அளவே முக்கியம்.

இடுப்பு வலி வந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அஞ்சுவோரும் உளர். இடுப்பு வலிகளுள் பெரும்பான்மை தசையையும் முதுகெலும்பையும் சார்ந்தவை. கல்லடைப்பும் கிருமித் தொற்றும் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாமையை நலத்தின் சான்றாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது நம்பிக்கை மிக ஆபத்தானது. பல்லாண்டுகள் சர்க்கரை நோயால் அவதியுற்ற ஒருவருக்கு, உணவிலோ மருந்திலோ மாற்றமின்றி, இரத்தச் சர்க்கரை குறையத் தொடங்குகிறது. இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கிறது. 'சர்க்கரை தானாகவே குணமாகிவிட்டது' என்று குடும்பமே மகிழ்கிறது. உண்மையில், இன்சுலினைச் சிதைத்து அகற்றும் சிறுநீரகம் தளர்ந்துவிட்டதால், அது உடலில் நெடுநேரம் தங்குகிறது. நன்மைபோல் வரும் இக்குறியை முதன்மையான எச்சரிக்கையாகக் கருத வேண்டும்.

சோதனைகளும் அவற்றின் பொருளும்

தொடக்க நிலையைக் கண்டறிய மூன்று சோதனைகள் போதும்: இரத்த அழுத்தம் அளத்தல், சிறுநீரில் புரதம் அல்லது ஆல்புமின் பார்த்தல், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவறிதல். இவற்றின் முடிவுகளைப் படிப்பதில் இரு நுட்பங்கள் உள்ளன.

ஒன்று, சாதாரணத் தாள்பட்டை மிகச் சிறிய அளவு ஆல்புமினைக் காட்டாது. சர்க்கரை நோயில் முதலில் கசிவது அச்சிறிய அளவே. எனவே சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது சிறந்தது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் அது வழுவென்று கொள்ளப்படுகிறது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் இது தற்காலிகமாக உயரலாம். ஆகவே ஒரு முடிவைக் கொண்டே தீர்மானிக்காமல் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டு, கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிறைவு கொள்ளலாகாது. கிரியேட்டினின் தசையிலிருந்து தோன்றும் கழிவு. தசை குறைந்தவர்களுக்கு அது குறைவாகவே உண்டாகும். எடுத்துக்காட்டாக, இருவருக்கு 1.2 மில்லிகிராம் என்ற ஒரே முடிவு வந்ததாகக் கொள்வோம். 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கீட்டு முறைப்படி, 25 வயது இளைஞருக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லிலிட்டர் வடிகட்டு வீதத்தைக் குறிக்கும். 60 வயதுப் பெண்மணிக்கோ அதே எண் ஏறத்தாழ 52 மில்லிலிட்டரைத்தான் குறிக்கும். முன்னவர்க்கு நோயில்லை எனலாம். பின்னவர் மூன்றாம் நிலையில் இருக்கக்கூடும். சோதனைக்கூடத் தாளிலோ இருவர்க்கும் 'இயல்பு' என்றே அச்சாகியிருக்கலாம். வயது முதிர்ந்தோர், மெலிந்தோர், உணவு குறைந்த ஏழை மக்கள் ஆகியோரிடம் நோய் தப்பிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சோதனைக்கூடங்கள் கிரியேட்டினினுடன் வடிகட்டு வீதத்தையும் கணக்கிட்டு அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

யார் சோதித்துக்கொள்ள வேண்டும்?

சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமுமே சிறுநீரக நோயின் முதன்மைக் காரணங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தது. இவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீர், கிரியேட்டினின் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். வயது வந்தோர்க்கு வரும் வகைச் சர்க்கரை நோயில், நோய் கண்டறியப்பட்ட அன்றே முதல் சோதனை தேவை. ஏனெனில் அந்நோய் சில ஆண்டுகளாகவே மறைந்திருந்திருக்கக்கூடும்.

குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் அடிக்கடி வருவோர், இதய நோயாளிகள், அறுபது வயதைக் கடந்தோர், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்த பெண்கள் ஆகியோரும் இவ்வரிசையில் சேர்வர்.

மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி வலி மாத்திரை உண்போர் தனியே குறிப்பிடத் தக்கவர்கள். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வெயிலில் நாள் முழுதும் வேலை செய்து உடலின் நீர் வற்றிய உழைப்பாளி, மாலையில் உடல்வலிக்கு இம்மாத்திரையை விழுங்கும்போது தீமை இருமடங்காகிறது. மூலிகை என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவை சேர்ந்த செடிக் குடும்பத்தில் காணப்படும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்வதோடு புற்றுநோயையும் விளைவிக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

உத்தானம் தரும் பாடம்

சர்க்கரையும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆயினும் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஆந்திர மாநிலத்தின் வடகோடியில், ஸ்ரீகாகுளம் மாவட்டக் கடற்கரையை ஒட்டிய உத்தானம் பகுதியின் துயரம் இது. தென்னையும் முந்திரியும் செழித்து வளரும் பசுமையான நிலம் அது. கவிடி, சோம்பேட்டை, இச்சாபுரம், பலாசா, மந்தசா முதலிய வட்டாரங்களின் சிற்றூர்களில் வயலிலும் தோப்பிலும் உழைக்கும் மக்கள், நடுத்தர வயதிலேயே இந்நோய்க்கு ஆளாகின்றனர். சத்தீஸ்கரின் சுபேபேடா கிராமம், இலங்கையின் வடமத்திய மாகாணம், நடு அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆகியவற்றிலும் இதையொத்த நோய் காணப்பட்டுள்ளது. கடும் வெப்பத்தில் நீர் வற்றும்வரை உழைத்தல், நிலத்தடி நீரில் உள்ள பொருள்கள், பூச்சிக்கொல்லிகள், வலி மாத்திரைகள், மரபுக் கூறுகள் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. ஒரே காரணம் என்று முடிவாக எதுவும் நிறுவப்படவில்லை.

2023 டிசம்பரில் பலாசாவில் சிறுநீரக ஆராய்ச்சி மையமும் 200 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் திறக்கப்பட்டன. வம்சதாரா ஆற்றுநீரை ஹிரமண்டலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே கிராமங்களுக்குக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டமும் அப்போதே தொடங்கிவைக்கப்பட்டது.

இப்பகுதி நோய்கண்டறிதல் முறைக்கு ஒரு முக்கியப் பாடத்தைத் தருகிறது. இவ்வகை நோய் வடிப்பான்களை விட அவற்றைச் சூழ்ந்த நுண்குழாய்ப் பகுதியையே முதலில் தாக்குகிறது. அதனால் சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே காணப்படும்; முகம் வீங்காது; இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் இயல்பாகவே இருக்கும். தாள்பட்டையை மட்டும் நம்பும் முகாமில் இந்நோயாளி 'நலம்' என்று திருப்பி அனுப்பப்படுவார். எனவே இத்தகைய வட்டாரங்களில் இரத்தக் கிரியேட்டினின் சோதனை தவிர்க்க இயலாதது. சர்க்கரையும் அழுத்தமும் இல்லாதவர்க்குச் சிறுநீரக நோய் வராது என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பொருளாதாரக் கணக்கு

வாரத்துக்கு மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். வரவு-செலவுத் திட்ட உரையில் கூறப்பட்ட ரூ. 2,000 என்ற அடிப்படையிலேயே இது ரூ. 3,12,000 ஆகிறது. சிகிச்சை இலவசமாகவே கிடைப்பதாகக் கொண்டாலும் இழப்பு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் கழிகிறது. உடன் வருபவர் ஒருவரையும் சேர்த்தால் 312 மனித உழைப்பு நாட்கள் வீணாகின்றன. அதாவது, ஒரு நோயாளியின் பொருட்டு அக்குடும்பம் ஏறத்தாழ ஒருவருடைய ஓராண்டு உழைப்பை இழக்கிறது. நிலம் விற்பதும், நகை அடகு போவதும், பிள்ளைகளின் படிப்பு நிற்பதும் இதன் தொடர்ச்சி.

இச்சுமையைக் குறைக்க அரசு மேற்கொண்ட முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் இச்சிகிச்சையை ஏழைகளுக்குக் கட்டணமின்றி வழங்க வழிசெய்தது. வயிற்றறை வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் 2019இல் இதில் சேர்க்கப்பட்டது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதை 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நெறிப்படுத்துகிறது. எனினும் தானமாகக் கிடைக்கும் உறுப்புகள் தேவையை எட்டுவதில்லை.

இவையனைத்தும் நோய் முற்றியவர்க்கு உதவுவன. வருவாயின் பெரும்பகுதி கடைசி நிலைக்கே செலவாகிக்கொண்டிருந்தால், அக்கடைசி நிலைக்கு வருவோரின் எண்ணிக்கை குறைவதற்கு வழியில்லை. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவருக்கோ, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவதாலும், புரதக் கசிவைக் குறைக்கும் மருந்துகளாலும், அண்மை ஆண்டுகளில் பயனுக்கு வந்துள்ள சில சர்க்கரை நோய் மருந்துகளாலும், டயாலிசிஸ் தேவைப்படும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட இயலும். பலருக்கு அந்நாள் வராமலே போகலாம். தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்துக்கோ அரசுக்கோ ரூ. 3 லட்சத்தை மிச்சப்படுத்துகிறது. உழைக்கும் கை ஒன்றையும் காக்கிறது.

செய்ய வேண்டுவன

தொற்றா நோய்களைத் தடுக்கும் தேசியத் திட்டத்தின் கீழ் முப்பது வயதைக் கடந்தோர்க்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனையில் குறை காணப்பட்டவரை அன்றே சிறுநீர்ச் சோதனைக்கும் கிரியேட்டினின் சோதனைக்கும் அனுப்புதல் வேண்டும். மற்றொரு நாள் வரச் சொன்னால், அந்த நாளின் கூலியை இழக்க மனமின்றிப் பலர் வராமலே இருந்துவிடுவர். நோய் அறியப்பட்டவரின் பெயரும் முடிவும் பதிவேட்டில் இடம்பெற்று, ஆண்டுதோறும் ஒப்பு நோக்கப்பட வேண்டும். ஒரு முறை எடுத்த எண்ணைக் காட்டிலும், அது ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறுகிறது என்பதே மிகுதியாகப் பேசும்.

உழைப்போர்க்கு நிழலும், இடையிடையே ஓய்வும், தூய குடிநீரும் அளிப்பது வேலை கொடுப்போரின் கடமை. செங்கற்சூளை, உப்பளம், கரும்பு வயல் ஆகிய இடங்களில் இது மருந்தினும் பெரிது. வலி மாத்திரைகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படுவதைக் கட்டுப்படுத்த வேண்டும்.

தனி மனிதர் கைக்கொள்ள வேண்டியவை சில. உணவில் உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருத்தல் நன்று. அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பும் இக்கணக்கில் அடங்கும். புகையிலையை விலக்க வேண்டும். மருத்துவரிடம் செல்லும்போது உண்ணும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் உறுதியானவர்கள் அண்டை வீட்டார் சொல்லும் உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றலாகாது. உடலுக்கு நல்லதென்று எல்லோரும் பருகும் இளநீர்கூட, பொட்டாசியம் மிகுந்திருப்பதால், நோய் முற்றியவருக்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மற்றொருவருக்கோ தேவையின்றிப் புரதத்தைக் குறைத்து உடலை மெலியச் செய்வதும் தவறாகும்.

வாந்தி, பேதி, பாம்புக்கடி, கடுங்காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பின் அரை நாள் சிறுநீரே கழியாதிருந்தால் அது வேறு வகை அவசரம். அத்தகையவரைச் சற்றும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் இவ்வகைப் பழுது பெரும்பாலும் மீளக்கூடியது.

நாட்பட்ட நோயில் இழந்த வடிப்பான்கள் மீண்டும் முளைப்பதில்லை. இருப்பதைக் காப்பதே சிகிச்சையின் முழுப் பொருள். ஆகவே எத்தனை எஞ்சியிருக்கும்போது நோய் அறியப்படுகிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு சிறு தாள்பட்டை, சில துளி இரத்தம், இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தவறாமல் பயன்படுத்தப்படுமானால், டயாலிசிஸ் இயந்திரத்தின் முன் நீளும் வரிசை குறையும் என்பது உறுதி.